உளவளத்துணை (இலங்கைத் தமிழரிடையே)

உளவளத்துணை என்பது, மனத்துயரால் அன்றாட வாழ்க்கை குலைந்த ஒருவர் பயிற்சி பெற்ற இன்னொருவரோடு குறித்த நேரங்களில் பேசி, தம் இடரைத் தாமே இனங்கண்டு மீள்வதற்கு உதவும் முறையாகும். துயர் நோயாக முற்றியவிடத்து, எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்ற முனையும் உளச்சிகிச்சை கையாளப்படுகிறது. இரண்டுக்கும் இடையிலான எல்லை எது என்பதில் துறைசார்ந்தோர் ஒருமித்த கருத்தினர் அல்லர். உளவளத்துணை யாழ்ப்பாணத்தில் சீர்மியம் என்றும், வேறு சில இடங்களில் ஆற்றுப்படுத்தல் என்றும் வழங்கும். ஆற்றுப்படுத்தல் என்னும் பெயர் சங்க கால ஆற்றுப்படைகளை நினைவூட்டும்; அவற்றில் பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வழி சொல்வான். எனவே அச்சொல்லில் வழி எனப் பொருள்படும் ‘ஆறு’ மட்டுமன்றி, தணித்தல் எனப் பொருள்படும் ‘ஆற்று’தலும் ஒலிப்பதாகக் கொள்ள இடமுண்டு.

இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின்போது, உளநோய் பற்றிய 1873ஆம் ஆண்டுச் சட்டமும், 1920களில் எழுந்த அங்கொடை மனநோய் வைத்தியசாலையும் உளநோயாளரைப் பிரித்துப் பராமரிப்பதையே முதன்மையாகக் கொண்டிருந்தன.

மலையகத் தோட்டங்களில் உடல் நோய்க்கு டிஸ்பென்சரியும், மனத்தின் நோய்க்குக் கோடாங்கியும் என்னும் பிரிவினை நெடுங்காலம் நிலவியது. தொழிற்சாலைச் சக்கரத்துக்கே ரோதைமுனி எனக் காவல் தெய்வம் கண்ட அம்மக்களிடையே, உடுக்கடித்துக் குறி சொல்லித் திருநீறு இடும் கோடாங்கியின் முன் குடும்பமே கூடியிருக்க, வெளியே சொல்லமுடியாத மனத்தாங்கல்கள் சாமியின் வாக்காகச் சபையேறின.

1974இல் கொழும்பில் தொடங்கிய சுமித்ரயோ என்னும் அமைப்பு, தற்கொலை எண்ணமுடையோருக்குச் செவிகொடுக்கும் தொண்டர்களைப் பயிற்றியது.

தமிழில் இத்துறை வேரூன்றியது போர்க்கால யாழ்ப்பாணத்திலாகும். அங்கு 1987இல் தோன்றிய சாந்திகம் என்னும் அமைப்பு உளவளத்துணையாளரைப் பயிற்றியது; உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துக்கள், குறிப்பாக ‘மனவடு’ என்னும் நூல், அதிர்ச்சியின் விளைவுகளைத் தமிழில் விளக்கின. நாடகத்துறையும் இப்பணியில் சேர்ந்துகொள்ள, குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ நாடகம் மனக்காயத்தை அரங்கேற்றியது. மேலைநாட்டு முறைகள் அப்படியே பின்பற்றப்படாமல், பதற்றம் தணிக்கும் தளர்வுப் பயிற்சிகளில் சைவர் மந்திரத்தையும் கத்தோலிக்கர் செபமாலையையும் முஸ்லிம்கள் திக்ரையும் மெல்ல உருவிடும் வழக்கம் பயன்படுத்தப்பட்டது. ஒப்பாரி, அந்தியேட்டி போன்ற சடங்குகளும் துயராற்றும் வழிகளாக மதிக்கப்பட்டன. தனியாளின் மனம் மட்டுமன்றி ஊரும் உறவும் சேர்ந்தே காயமுறுவதைக் குறிக்கும் கூட்டு மனவடு என்னும் கருத்தைச் சோமசுந்தரம் 2007இல் விரிவாக எழுதினார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் பல வெளிநாட்டு அமைப்புகள் வந்தபோது, குறுங்காலப் பயிற்சிகள் பயனளித்தனவா என்பது விவாதத்துக்குள்ளாயிற்று; ஒரு தரப்பார் அவற்றை அவசர உதவியாக ஏற்க, மறுதரப்பார் அவை உள்ளூர் வழக்கங்களைப் புறந்தள்ளியதாகக் குறைகூறினர்.

தற்கொலை முயற்சி 1998இல் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டமை, உயிர் தப்பியவர் அச்சமின்றி உதவி நாட வழிவகுத்தது. பின்னர் பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டனர்.

ராகலையை உள்ளடக்கிய வலப்பனைப் பகுதி போன்ற தோட்டப்புறங்களில் குடிப்பழக்கம், கடன், வெளிநாட்டுக்கு வேலைக்குச் சென்ற தாயின் பிரிவு முதலியன உளவளத்துணைக்கு உரிய இடர்களாகும். எனினும் வேலைக்காக மலைக்குப் போகாத நாளில் நாட்கூலிக்குரிய ‘பேர்’ விழாது, இடையில் திரும்பினால் ‘அரைப்பேர்’ என்னும் கூலிமுறையில், செயலகம்வரை சென்று வருவது ஒரு நாள் வருமானத்தை இழப்பதாகும். உளவளத்துணைக்கு அடிப்படையான இரகசியம் பேணலும், அடுத்த வீட்டுப் பேச்சுச் சுவர் கடந்து கேட்கும், தோட்டத் தொழிலாளர் வாழும் லயக் காம்பராவில் எளிதன்று. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் தூரத்தைக் குறைத்துள்ளது. ஆயினும் அந்த அழைப்பை எடுப்பதற்கும் மறைவான ஓரிடம் வேண்டியிருக்கிறது.