நமக்கெல்லாம் வராது

ஆசியர்களுக்கு ரத்தக்கட்டு வராது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுத்தே கிடப்பவரின் காலில் ரத்தம் உறைவதைப் பற்றி மருத்துவர்கள் பலரிடம் நெடுங்காலம் இருந்த நம்பிக்கை இது. நம்ம ஆட்களிடம் கேட்டாலும் 'அதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி' என்றுதான் பதில் வந்திருக்கும்.

காலில் உறைந்த கட்டி பெயர்ந்துபோய் நுரையீரலை அடைக்கும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோ காட்டிவிட்டார். தடுப்பதற்கு வழி தெளிவாக இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. விஜய் கக்கர் லண்டனிலிருந்து நடத்திய பன்னாட்டு ஆய்வு 1975இல் வெளிவந்தது. அதில் 4,121 நோயாளிகள். ஹெப்பாரின் போடாத பிரிவில் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்திருந்தார்கள். போட்ட பிரிவில் 2 பேர்தான்.

ஆனால் ஹெப்பாரின் ரத்தக்கசிவையும் கூட்டும். எல்லாருக்கும் போட்டுவிட முடியாது. அப்படியென்றால் யாருக்குப் போடுவது? அமெரிக்க அறுவை மருத்துவர் ஜோசஃப் கப்ரினி 1991இல் இதற்கொரு மதிப்பெண் முறையை முன்வைத்தார். வயது, உடல் பருமன், புற்றுநோய், முன்பு கட்டி வந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டவேண்டும்.

நம்மைப் பொறுத்தவரை கணக்கு தொடங்குவதற்கு முன்பே விடை எழுதியாகிவிட்டது. 1996இல் வெளிவந்த மலேசிய ஆய்வு ஒன்று அதைத் திருத்தியது. தடுப்பு மருந்து பெறாத, இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்ட 88 பேரின் கால் நரம்புகளைச் சாயம் செலுத்திப் படமெடுத்தார்கள். 55 பேருக்குக் கட்டி இருந்தது. தேடாத வரைக்கும் அது 'அபூர்வம்'.

கப்ரினியின் பட்டியலில் இனத்துக்குப் புள்ளி கிடையாது. அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை என்றால், "ரத்தக்கட்டு வருமான்னு கணக்குப் போட்டீங்களா, டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.