இலைக்குள் ஒரு உலோகம்: சேர்வராயன் முதல் அரிட்டாபட்டி வரை

இன்னைக்குக் கதை பேரையூர்ல ஆரம்பிக்குது. மேற்கே பாத்தா மலை, கீழே பருத்தி போடுற கரிசல். பருத்தி துணியாகி சாயப்பட்டறைக்குப் போனா, இன்னொரு பொருள் வேணும். சாயத்தைத் துணியோட பிடிச்சு நிறுத்துற படிகாரம். அதுல அந்த வேலையைச் செய்யிறது அலுமினியம்.

அந்த வேலையைச் சில மரங்களும் செய்யும். 17-ஆம் நூற்றாண்டுல, இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவுல வாழ்ந்த இயற்கையியலாளர் ரும்ஃபியஸ் ஒரு மரத்துக்கு ‘படிகார மரம்’னே பேர் வச்சார். அங்க சாயம் பிடிக்க அதைத்தான் பயன்படுத்தினாங்க. அது நம்ம நாட்டு மருந்துக்கடை வெள்ளிலோத்திரத்தோட சொந்தக்கார மரம்.

நம்ம ஊர்ல காயா இருக்கு. சங்கப் பாடல்கள்ல வர்ற அதே நீலப் பூ மரம்; மாயோன் நிறத்துக்கு உவமை சொன்னது இந்தப் பூவைத்தான். அதோட இலையைத் தென்னிந்தியாவுல துணிக்கும் பாய்க்கும் சாயம் ஏத்தப் பயன்படுத்தினாங்க. காயா இனத்து மரங்களும் அலுமினியத்தை இலையில சேர்த்து வைக்கக்கூடியவைன்னு பின்னாடிதான் வேதியியல் சொல்லிச்சு.

எதுக்கு இந்த வேலை? சேலம் பக்கத்துச் சேர்வராயன் மலை, நாமக்கல் கொல்லிமலை உச்சியை எடுத்துக்குங்க. அங்க சார்னகைட் பாறையில பல லட்சம் வருஷம் மழை பெய்து, கரையிறதெல்லாம் கரைஞ்சு போயிடுச்சு. மிஞ்சினது அலுமினியமும் இரும்பும். அதுதான் பாக்சைட். மண்ணுல புளிப்பு ஏறினா அலுமினியம் தண்ணியில கரையும். சாதாரணச் செடியோட வேர் நுனி வளராம நின்னுடும். அங்க பிழைக்கணும்னா ரெண்டே வழி: உலோகத்தை வேரிலேயே தடுக்கணும், இல்ல உள்ளே வாங்கி இலையில பத்திரமா வைக்கணும். ஒரு கிலோ காய்ந்த இலையில ஒரு கிராம் அலுமினியத்துக்கு மேல இருந்தா, அதை ‘மிகைச் சேமிப்பு’ தாவரம்னு சொல்றாங்க.

இந்த மலைகள்ல அரிய செடிகளும் உண்டு. சேர்வராயன் பேரையே வாங்கிக்கிட்ட வெர்னோனியா ஷெவராயென்சிஸ் ஒரு மரம். பேர் வச்சவர் கேம்பிள். ஏற்காட்டுல இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட ஆர்க்கிட் தோட்டமும் இருக்கு.

ஆனா அதே உலோகத்துக்கு வேற வாடிக்கையாளரும் வந்தாங்க. 1960-கள்ல இருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலைகளோட பாக்சைட் போச்சு. எதிர்ப்பும் வழக்கும் வந்து, 2008-ல தோண்டுறது நின்னுச்சு. தோண்டுறது நின்னா மலை திரும்பி வந்துடாது. பாக்சைட் மேலாப்புலயே கிடக்கும். எடுக்கணும்னா முதல்ல போறது செடி, அடுத்து மேல்மண். பல லட்சம் வருஷம் எடுத்துக்கிட்ட மண்ணை லாரியில கொண்டுவந்து கொட்ட முடியாது.

இப்போ மதுரைக்கே வருவோம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாச்சு, 193 ஹெக்டேர். 2024 நவம்பர்ல அதையும் உள்ளடக்கின பகுதியில டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் போச்சு. ஊர்க்காரங்க போராடினாங்க, 2025 ஜனவரி 23-ல ஏலம் ரத்து.

ரெண்டு இடத்துலயும் உலோகம் இருக்குங்கிறதுதான் ஆபத்து. சேர்வராயன்ல எதிர்ப்பு ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே பல வருஷம் தோண்டிட்டாங்க. அரிட்டாபட்டியில முதல் குழிக்கு முன்னாடியே ஜெயிச்சுது. அந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்குங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.