கோழிக்கறியும் அஞ்சறைப் பெட்டியும்

ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து ஒரு பிடி பிடித்துவிட்டு, திங்கட்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு சொன்னால் முதல் சந்தேகம் யார் மேல் வரும்? கறிக்கடைக்காரர் மேல். "பழைய கறியைத் தள்ளிவிட்டுட்டான்". அடுத்த சந்தேகம் எண்ணெய் மேல், அதற்கடுத்து தண்ணீர் மேல். கறியைக் கழுவி, பிசைந்து, அதே கையோடு வெங்காயத்தையும் அரிந்த கையைப் பற்றி யாரும் பேச்சே எடுப்பதில்லை.

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மருத்துவ வரலாற்றைப் புரட்டினால் அங்கேயும் இதே வரிசைதான். காற்றைச் சந்தேகித்தார்கள், நாற்றத்தைச் சந்தேகித்தார்கள், அழுகலைச் சந்தேகித்தார்கள். கை கடைசியில்தான் மாட்டியது. நான் வணிகவியல் படித்தவன், டாக்டர் இல்லை. ஆனாலும் இந்தக் கதையில் கணக்கு நிறைய இருப்பதால் என் போன்றவர்களுக்கும் நன்றாகவே புரிகிறது.

ஸ்காட்லாந்தில் அபர்தீன் என்று ஒரு ஊர். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும். அங்கே அலெக்சாண்டர் கார்டன் என்ற மருத்துவர் 1795-ல் ஒரு புத்தகம் எழுதினார். பிரசவ ஜன்னி கண்ட பெண்களின் பட்டியல், எந்த மருத்துவச்சி யாருக்குப் பிரசவம் பார்த்தார் என்ற பட்டியல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஜன்னி கண்ட ஒருத்தியைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனவர்களே நோயைச் சுமந்து போனார்கள் என்று தெரிந்தது. தானும் அப்படிச் சுமந்தவன்தான் என்று அவரே எழுதி வைத்தார். ஊர் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. கடற்படை வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்தது வியன்னா. இக்னாஸ் செம்மல்வைஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில் 1841 முதல் 1846 வரை நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் நூற்றுக்கு நான்கு கூட இல்லை. ஒரே கட்டிடம், ஒரே காற்று, கணக்கு மட்டும் இரண்டு விதம். முதல் பிரிவுக்காரர்கள் காலையில் பிணவறையில் அறுத்துப் பார்த்துவிட்டு நேராகப் பிரசவ வார்டுக்கு வந்தார்கள் என்பதே வித்தியாசம். 1847 மே மாதம் அவர் வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைசல் வைத்து, கை கழுவாமல் உள்ளே வராதே என்றார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டாகக் குறைந்தது.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. அந்தக் கரைசலை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்? சோப்பு போட்டுக் கழுவினாலும் போகாத பிண வாடை அதில் போனது, அதனால். கிருமி என்ற விஷயமே அப்போது நிரூபணமாகவில்லை. மூக்கை நம்பித்தான் கையைப் பிடித்தார். வாடை இருக்கும் இடத்தில் மூக்கு உதவும். வாடையே இல்லாத ஆபத்து என்றால்? நம் சமையலறை விவகாரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உணவு விஷமாவதற்கு 19-ம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட காரணம் 'டோமைன்'. 1870-களில் செல்மி என்ற இத்தாலிய வேதியியலாளர் வைத்த பெயர். இறைச்சி அழுகும்போது அதில் ஒரு விஷம் உண்டாகிறது, அதைத் தின்றால் வாந்தி பேதி என்பது கொள்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இன்றுவரை நாம் கறியை மோந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்வதும் இதே கொள்கைதான், பெயர் மட்டும் நமக்குத் தெரியாது.

1888-ல் ஜெர்மனியில் பிராங்கன்ஹவுசன் என்ற ஊரில் இந்தக் கொள்கைக்கு அடி விழுந்தது. நோயுற்ற ஒரு மாட்டை அவசரமாக அறுத்து விற்றிருக்கிறார்கள். சாப்பிட்டவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தி பேதி. ஜெர்மனியில் கொத்துக்கறியைப் பச்சையாகவே சாப்பிடும் பழக்கம் உண்டு. அப்படிச் சுமார் 800 கிராம் கறியைப் பச்சையாகத் தின்ற ஒரு இளைஞர் இறந்தே போனார். ஆகஸ்ட் கெர்ட்னர் என்ற பேராசிரியர் அந்தக் கறியிலிருந்தும் இறந்தவரின் மண்ணீரலிலிருந்தும் ஒரே கிருமியை எடுத்துக் காட்டினார். அழுகல் விஷம் இல்லை, உயிருள்ள ஒரு ஜந்து.

அதற்கு மூன்று வருடம் முன்பு, 1885-ல், அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் என்பவர் பன்றிகளிடமிருந்து ஒரு கிருமியைப் பிரித்திருந்தார். கெர்ட்னரின் கிருமியும் அதே குடும்பம்தான். அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் 'சால்மோனெல்லா' என்று பெயர் வைத்தார்கள். ஸ்மித்துக்கு மேலதிகாரியாக இருந்தவர் டேனியல் சால்மன்! வேலை செய்தவர் ஒருவர், பெயர் மேலதிகாரிக்கு. அலுவலகத்தில் குப்பை கொட்டும் நமக்கெல்லாம் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, கறியில் கிருமி இருக்கட்டும், நாம்தான் பச்சையாகத் தின்பதில்லையே, குக்கரில் நாலு விசில் விடுகிறோமே, அதில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழைக்காது. கொதிக்கும் குழம்பில் சால்மோனெல்லா பிழைக்கவே பிழைக்காது. ஆனால் தட்டில் இருப்பது குழம்பு மட்டும்தானா?

இந்தக் கேள்விக்குப் பதில் நியூயார்க்கில் ஒரு சமையல்காரப் பெண்மணி மூலம் கிடைத்தது. 1906 கோடையில் ஆய்ஸ்டர் பே என்ற இடத்தில் ஒரு வங்கி முதலாளியின் குடும்பம் தங்கியிருந்த வீடு. பதினோரு பேரில் ஆறு பேருக்கு டைபாய்டு. தண்ணீரைப் பார்த்தார்கள், கழிவறையைப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஜார்ஜ் சோபர் என்ற பொறியாளர் துருவித் துருவி, அங்கே வேலை பார்த்துப் போன மேரி மேலன் என்ற சமையல்காரியைக் கண்டுபிடித்தார். அந்த அம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை, நல்ல ஆரோக்கியம். உடம்புக்குள் மட்டும் கிருமி குடியிருந்தது. டைபாய்டு கிருமியும் சால்மோனெல்லா வகைதான், ஆனால் அது கோழியிலிருந்தோ ஆட்டிலிருந்தோ வருவதில்லை, மனிதரிடமிருந்து மட்டுமே வரும்.

அவர் சமைத்த சூடான பதார்த்தங்களால் வந்திருக்காது என்று சோபருக்கும் தெரியும், சூட்டில் கிருமி செத்திருக்கும். அவர் விரல் நீட்டியது ஐஸ்கிரீமை. பச்சைப் பீச் பழங்களைக் கையால் நறுக்கிப் போட்ட ஐஸ்கிரீம், ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல். அடுப்புக்குப் போகாத ஒரே பதார்த்தம்.

மேரியை 1907-ல் பிடித்து ஒரு தீவில் வைத்தார்கள், 1910-ல் இனி சமைக்க மாட்டேன் என்ற வாக்குறுதியின் பேரில் விட்டார்கள். 1915-ல் வேறு பெயரில் ஒரு பிரசவ மருத்துவமனையில் சமைத்துக்கொண்டிருந்தார். அங்கே 25 பேருக்கு நோய், இருவர் சாவு. மறுபடி அதே தீவு, 1938-ல் இறக்கும்வரை. அவருக்கு இழைக்கப்பட்டது அநியாயம் என்றே நினைக்கிறேன். அவரைப் போலக் கிருமி சுமந்த மற்றவர்கள் வெளியில் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஐரிஷ் வேலைக்காரி என்பதால் சுலபமாகப் பூட்டிவிட்டார்கள்.

அபர்தீனுக்குத் திரும்புவோம். 1964-ல் அந்த ஊரில் திடீரென்று டைபாய்டு. சுமார் 500 பேர் மருத்துவமனையில். அர்ஜென்டினாவிலிருந்து டின்னில் வந்த உப்பிட்ட மாட்டுக்கறி காரணம். டின்னைச் சூடாக்கி மூடியபின் குளிரவைக்க சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீரை விட்டிருக்கிறார்கள், மூட்டு வழியாகக் கசிந்து உள்ளே போய்விட்டது. ஒரு பெரிய டின்னால் ஐந்நூறு பேருக்கு எப்படி? கடையில் அந்தக் கறியைச் சீவிய மெஷினிலேயே மற்ற கறிகளையும் சீவினார்கள். அந்த மாட்டுக்கறியை வாங்காதவர்களும் படுத்தார்கள்.

இதே ஸ்காட்லாந்தில் 1996-ல் விஷா என்ற ஊரில் இன்னும் கொடுமை. ஈ.கோலை ஓ157 என்ற கிருமி. மாட்டின் குடலில் சமர்த்தாக இருக்கும், மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒரு கறிக்கடை, பச்சைக் கறியும் விற்பார்கள், சமைத்த கறியும் விற்பார்கள். தேவாலயத்தில் முதியவர்களுக்குப் போட்ட மதிய விருந்துக்கு அங்கிருந்துதான் சாப்பாடு போனது. நோய் கண்டவர்கள் சுமார் 500 பேர், முதியவர்கள் பலர் இறந்தார்கள். விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்த ஹியூ பெனிங்டன் அபர்தீன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் (பாருங்கள், மூன்றாவது முறை அதே ஊர்). பச்சைக் கறியையும் சமைத்ததையும் தனித்தனியாக வை, கத்தி தனி, மேஜை தனி, கை கழுவு என்பது 1997-ல் வந்த அறிக்கையின் முக்கியமான பரிந்துரை.

2005-ல் வேல்ஸில் மறுபடியும். பள்ளிகளுக்குக் கறி கொடுத்த கடை, பச்சைக் கறிக்கும் சமைத்த கறிக்கும் ஒரே பேக்கிங் மெஷின். 150 பேருக்கு மேல் நோய், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அதற்கும் விசாரணை நடத்தியது அதே பெனிங்டன். முன்பு எழுதியதையே அவர் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

இதெல்லாம் டின்னிலும் ஃப்ரீசரிலும் வைத்துத் தின்பவர்கள் பிரச்சினை, நாம் கண் முன்னால் உயிர்க்கோழி அறுத்து வாங்குகிறோம் என்று ஒரு வாதம் உண்டு. அதற்குப் பதில் 1977-ல் கிடைத்தது. இங்கிலாந்தில் வூஸ்டர் நகரத்து மருத்துவர் மார்ட்டின் ஸ்கிரோ, வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் கேம்பிலோபேக்டர் என்ற கிருமி சர்வசாதாரணமாக இருப்பதையும், அது கோழிகளிடம் நிறைய இருப்பதையும் காட்டினார். துள்ளிக்கொண்டிருக்கும் கோழியின் குடலில் இருக்கும், கோழியை ஒன்றும் செய்யாது. ஐந்து நிமிடம் முன்பு அறுத்த கறியிலும் இருக்கலாம், எந்த வாடையும் வராது. புதுக் கறி என்பது ருசிக்கு உத்தரவாதம், இதற்கு இல்லை. மஞ்சள் பொடி தடவிக் கழுவுவதும் அப்படித்தான். வாடை போகும், கையில் ஒட்டிய கிருமி போகாது.

கழுவுவது என்றதும் இன்னொன்று. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2014-ல் 'கோழிக்கறியைக் கழுவாதீர்கள்' என்று பிரசாரம் செய்தது. கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் சிங்க் முழுக்க, பக்கத்துப் பாத்திரம் முழுக்கக் கிருமியைப் பரப்புகிறது என்பது காரணம். நம் வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்! இறகும் ரத்தமுமாக வரும் கறியைக் கழுவாமல் சட்டியில் போட எந்த அம்மாவும் சம்மதிக்க மாட்டார். நானும் அதை வற்புறுத்தப் போவதில்லை. குழாயைச் சீறவிடாமல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அதற்குள் அலசி, பிறகு சிங்கையும் சோப்புப் போட்டுக் கழுவுவது நமக்கு ஒத்துவரும் வழி.

ஏனென்றால் கழுவாமல் விட்டவர்களும் தப்பவில்லை. அமெரிக்க வேளாண் துறை 2019-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 300 பேரைக் கோழி சமைத்து, கூடவே சாலட் செய்யச் சொன்னார்கள். கறியைக் கழுவியவர்களில் 26 சதவீதம் பேரின் சாலட்டில் கோழியிலிருந்த கிருமி போய்ச் சேர்ந்தது. கழுவாதவர்களில்? 31 சதவீதம்! கை சரியாகக் கழுவாததும், பாத்திரம், சிங்க் வழியாகப் பரவியதும்தான் காரணம் என்றார்கள்.

வடக்கே வந்தபின் நம் வீடுகளிலும் கறியோடு பச்சை வெங்காயம், வெள்ளரி, எலுமிச்சை அரிந்து வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஊரில் தயிர்ப் பச்சடி இருந்தது. எல்லாமே மேரியின் பீச் ஐஸ்கிரீம் ஜாதிதான், அடுப்புக்குப் போகாதவை. இங்கே ஃபிளாட் கிச்சனில் இருப்பது ஒரே சிங்க், ஒரே கட்டிங் போர்டு. கறிக்கு முன்னால் வெங்காயத்தை அரிந்து மூடி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

அதே வேளாண் துறை அதற்கு முந்தைய வருடம், 2018-ல், இன்னொரு ஆய்வைச் சொன்னது. வான்கோழிக் கொத்துக்கறியில் மனிதருக்குத் தீங்கு செய்யாத ஒரு வைரஸை அடையாளத்துக்குக் கலந்து கொடுத்து, சமைத்து முடித்தபின் அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடினார்கள். கை கழுவ வேண்டிய தருணங்களில் 97 சதவீதம் ஒழுங்காகக் கழுவப்படவில்லை, பெரும்பாலானோர் 20 விநாடி கூடத் தேய்க்கவில்லை. ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் கொஞ்சம் அகப்பட்டது. அதைவிட மிக அதிகமாக அகப்பட்ட இடம் மசாலா பாட்டில்கள். 48 சதவீதம்.

அவர்கள் பாட்டிலில் மிளகுத் தூள் வைத்திருப்பவர்கள், தூவிவிட்டு மூடுவார்கள். நாம்? கறியைப் பிசைந்த விரலோடு அஞ்சறைப் பெட்டிக்குள்ளேயே போகிறோம். "இன்னும் கொஞ்சம் மிளகாய்த் தூள்" என்று ஒரு சிட்டிகை. மறுநாள் காலையில் அதே பெட்டியைத் திறந்து மோரில் பெருங்காயம், வெள்ளரித் துண்டில் மிளகாய்த் தூள்.

எங்கள் வீட்டில் இப்போது மஞ்சள், மிளகாய், மல்லி, உப்பு எல்லாவற்றையும் கறிப் பையைப் பிரிக்கும் முன்பே ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, பெட்டியை மூடி மேலே ஏற்றிவிடுகிறார்கள். பிசைந்து முடித்தவுடன் புறங்கையால் குழாயைத் திறந்து, கையோடு சேர்த்துக் குழாயின் பிடிக்கும் சோப்பு. திருகுக் குழாய் என்றால் புறங்கை வேலைக்கு ஆகாது, வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்ல வேண்டியதுதான்.