அனுமன் வீசிய நீர்

அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் பேருந்தில் பதினாறு, பதினேழு கிலோமீட்டர்தான். அடிவாரத்தில் இறங்கிப் படியேறும்போது, எதிரே இறங்கி வருகிறவர்களைக் கவனியுங்கள். தலை நனைந்திருக்கும். கையில் பாட்டிலோ கேனோ சொம்போ இருக்கும். எல்லாரும் ராம தீர்த்தத்தில் நின்றுவிட்டு வருகிறவர்கள்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் தகடூர் நாட்டு நடுகற்களைப் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போகும் தடயத்தை எந்த உளியும் செதுக்கவில்லை. ஒரு காலை நேரத்து அவசரம் விட்டுப்போன தடயம் அது.

தலபுராணம் சொல்வது இது. இராவணனைக் கொன்றுவிட்டுத் திரும்பும் இராமன், அந்தப் பாவம் தீர இங்கே சிவபூசை செய்ய நினைக்கிறான். காசிக்குப் போய்க் கங்கை நீரும் பூவும் கொண்டுவர அனுமனை அனுப்புகிறான். பூசை வேளை நெருங்குகிறது, போனவனைக் காணோம். இராமன் வில்லை எடுத்துப் பாறையில் அம்பு தொடுக்கிறான். பாறை பிளந்து நீர் கொட்டுகிறது, அதுதான் ராம தீர்த்தம். பூசையும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அனுமன் வந்து சேர்கிறான். காசிவரை போய்ச் சுமந்து வந்த நீருக்கு இனி வேலை இல்லை. ஆத்திரத்தில் கலயத்தை வீசி எறிகிறான். அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரை. அரூரிலிருந்து ஊத்தங்கரை போகிறவர்கள் ஆற்றைக் கடக்கும் அந்த ஊருக்கு இன்றும் அனுமன்தீர்த்தம் என்றே பெயர்.

வரலாற்றுத் தொடரில் புராணத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தீர்த்தமலைக் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன, அருணகிரிநாதர் வந்து பாடியிருக்கிறார். அவற்றை எழுத இன்னொரு வாரம் வரும். ஆனால் ஒரு கதை ஓர் ஊருக்குப் பெயர் வைத்து, தலைமுறை தலைமுறையாக மக்கள் நடக்கும் வழியையும் வகுத்திருந்தால், அதையும் வரலாறு என்றுதான் நான் கொள்வேன்.

காத்திருந்தவன் பொறுமை இழந்ததும், வரவேண்டியவன் பிந்தி வந்ததுமான இன்னொரு கதை விவிலியத்தில் இருக்கிறது. பி.பள்ளிப்பட்டி லூர்து மாதா கோயில் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது ஞாயிறு வகுப்பிலேயே தெரிந்திருக்கும். இஸ்ரயேலின் முதல் அரசன் சவுல். கில்காலில் ஏழு நாள் காத்திரு, நான் வந்து பலி செலுத்துகிறேன் என்பது இறைவாக்கினர் சாமுவேல் இட்ட கட்டளை. எதிரே பெலிஸ்தியர் படை திரண்டு நிற்கிறது. சவுலின் ஆட்கள் குகைகளிலும் புதர்களிலும் ஒளிகிறார்கள், ஒவ்வொருவராகக் கழன்றுபோகிறார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் அறுநூறு பேர். ஏழாம் நாளும் வந்துவிட்டது, சாமுவேலைக் காணோம். சவுல் தானே பலியைச் செலுத்திவிடுகிறான். செலுத்தி முடித்த அந்த நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார்.

இன்னும் ஒரு நாழிகை பொறுத்திருக்கலாம். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சவுல்மேல் இரக்கம்தான் வருகிறது. கண்ணெதிரே படை கரையும்போது யாருக்குத்தான் கை பரபரக்காது? ஆனால் சாமுவேல் கேட்டபோது அவன் சொன்ன பதிலைப் பாருங்கள். ஆட்கள் சிதறினார்கள், நீர் குறித்த நாளில் வரவில்லை, எதிரி நெருங்கினான், வேறு வழியில்லாமல் செய்தேன் என்கிறான். மூன்று பேர்மேல் பழி விழுகிறது, அவன்மேல் ஒரு துளிகூட இல்லை. உன் அரசு நிலைக்காது என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. பின்னால் அமலேக்கியர் போரில் மறுபடியும் கட்டளையை மீறினான், மறுபடியும் பழியை ஆட்கள்மேல் போட்டான்.

விளைவு அவனோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அவன் மகன் யோனத்தான் வீரன். தனக்கு வரவேண்டிய அரியணை நண்பன் தாவீதுக்குப் போகும் என்று தெரிந்தும் அவனைக் காப்பாற்றியவன். கில்காலில் நடந்த தவறில் அவனுக்குப் பங்கே இல்லை. கில்போவா மலையில் தந்தை மடிந்த அதே நாளில் அவனும் இரண்டு தம்பிகளும் களத்தில் விழுந்தார்கள். தகப்பன் காத்திருக்க மறுத்த அந்தக் கொஞ்ச நேரத்துக்கு விலை கொடுத்தவன் யோனத்தான்.

இனித் தீர்த்தமலைக்குத் திரும்புவோம். இராமன் அவசரப்பட்டதைப் புராணம் மூடி மறைக்கவில்லை. பிளந்த பாறை பிளந்ததுதான், வீசிய நீர் வீசியதுதான். இராமன் பாறையை மூடச் சொல்லவுமில்லை, நீ ஏன் பிந்தினாய் என்று அனுமனைக் கடியவுமில்லை. முதலில் அனுமன் தீர்த்தத்தில் நீராடிவிட்டுத்தான் என் தீர்த்தத்துக்கு வரவேண்டும் என்று முறை வைத்தான். இராமேசுவரத்திலும் இதே மனசுதான். கயிலையிலிருந்து அனுமன் லிங்கம் கொண்டுவரப் பிந்தியதால் சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்குப் பூசை நடந்துவிட்டது. ஆனாலும் அனுமன் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்குத்தான் இன்றும் முதல் பூசை.

சித்திரை வெயிலில் ஒருமுறை ராம தீர்த்தத்தின் கீழ் நின்றேன். மழைக்காலத்தில் பாறை வெடிப்புகளில் இறங்கிய நீர்தான் மெல்லக் கசிந்து மேலேயிருந்து விழுகிறது. அன்றைக்கு அது நூல் மாதிரி இருந்தது. காற்றடித்தால் நூல் விலகிப்போகும், பாட்டிலின் வாய்க்கு மீண்டும் வரும்வரை நிற்க வேண்டும். எனக்கு முன்னால் ஓர் அம்மா பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி நின்றிருந்தார். “அரூர் பஸ்ஸு போயிடும்மா” என்று மகன் கீழ்ப்படியிலிருந்து கத்தினான்.

“போனா அடுத்தது வரும்டா” என்றார், கண்ணைப் பாறையிலிருந்து எடுக்காமலே.