லினக்ஸில் வைஃபை அட்டைப் பழுதுநீக்கம்

லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினியின் வைஃபை அட்டை வலையமைப்பைக் காணத் தவறும்போது, குறை அட்டையிலா, அதனை நடத்தும் டிரைவரிலா, அட்டைக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேரிலா என்று வரிசைப்படி ஆராய்ந்து நிவர்த்தி செய்வதே இப்பழுதுநீக்கமாகும். டிரைவர் என்பது லினக்ஸின் மையநிரலான கருனியின் அங்கமாக நின்று அட்டைக்குக் கட்டளையிடும் நிரல். ஃபர்ம்வேர், அட்டையிலுள்ள சிறு செயலி தானே நிறைவேற்றும் நிரல். பெரும்பாலான அட்டைகள் மின்சாரம் நின்றதும் ஃபர்ம்வேரை இழந்துவிடுவதால், கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் டிரைவர் அதனை வட்டிலிருந்து எடுத்து ஏற்ற வேண்டியிருக்கிறது.

பின்னணி

உற்பத்தியாளர் பலர் தங்கள் அட்டைகளின் உள்ளமைப்பை ரகசியமாக வைத்திருந்த காலத்தில், பிராட்காம் அட்டைகளுக்குரிய பி-43 போன்ற டிரைவர்களைத் தன்னார்வலர்களே நுணுகி ஆராய்ந்து உருவாக்கினர். 2008-இல் அதீராஸ் நிறுவனமும் 2010-இல் பிராட்காம் நிறுவனமும் டிரைவர் மூலநிரலை வெளியிட்ட பின்னர் நிலைமை சீர்பட்டது. ஆயினும், மூலநிரல் வழங்கப்படாத ஃபர்ம்வேர் கட்டற்ற மென்பொருளின் கொள்கைக்கு விரோதமானதெனக் கருதிய, டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலை உருவாக்கும் அமைப்பினர், 2022-இல் நடந்த வாக்கெடுப்பின் பயனாக 2023 ஜூனில் 12-ஆம் பதிப்பு வெளிவரும் வரையில், அதனைத் தங்கள் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை.

டெபியனை ஆதாரமாகக் கொண்டு இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் கணினிகளில் விண்டோஸுடன் இடம்பெற்றமையால், தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் உள்ளிட்ட ஊர்களின் மாணவர்களிடமும் லினக்ஸ் வந்து சேர்ந்தது. 2012-இல் அரசினர் பொறியியற் கல்லூரி தோன்றியதும், ஏலக்காய் விற்பனை நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலமாக நடைபெறுவதுமான அந்நகரில், கணினியின் வலைத்தொடர்பு கல்விக்கும் வாணிபத்துக்கும் ஒருங்கே பிரதானமாகும்.

ஆராயும் முறை

முதற்கண், எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற கட்டளையாலும், யு.எஸ்.பி. அட்டையாயின் எல்.எஸ்.யு.எஸ்.பி. என்ற கட்டளையாலும், அட்டையிலுள்ள சில்லின் உற்பத்தியாளர் பெயரையும் அடையாள எண்ணையும் அறிதல் வேண்டும். ஒரே வணிகப் பெயரில் வெவ்வேறு சில்லுகள் விற்கப்படுவதால் பெட்டியின்மேல் அச்சிட்ட பெயர் போதிய பிரமாணமன்று. அடுத்து, மடிக்கணினியின் பொத்தானாலோ மென்பொருளாலோ அட்டையின் ரேடியோ அலைபரப்பு அணைக்கப்பட்டுள்ளதா என்பதை ஆர்.எஃப்.கில் என்னும் கருவி காட்டும்.

இவற்றின் பின் கருனியின் செய்திப் பதிவைப் படித்தல் அவசியம். டிரைவர் தேடிக் காணாத ஃபர்ம்வேர்க் கோப்பின் பெயரை அப்பதிவு வெளிப்படையாகக் கூறிவிடுவதால், அக்கோப்பைக் கொண்ட தொகுப்பை நிறுவுவதே பரிகாரமாகும். டிரைவரே தென்படாவிடின் கருனி பழையதாக இருக்கக்கூடும். ரியல்டெக் நிறுவனத்தின் புதிய சில்லுகளுக்கான ஆர்.டி.டபிள்யூ-89 என்னும் டிரைவர், 2022 ஜனவரியில் வெளியான 5.16-ஆம் கருனியில்தான் சேர்ந்தது. வெளியிலிருந்து தொகுத்துச் சேர்த்த டிரைவராயின், கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு ஏற்பாடு, கையொப்பமில்லாமையால் அதனைத் தடுத்திருக்கலாம். அட்டை இயங்கியும் 12, 13 ஆகிய அலைத்தடங்களில் உள்ள வலையமைப்பு மட்டும் தோன்றாவிடின், நாட்டுக் குறியீடு அமெரிக்காவுக்கு உரியதாக அமைந்திருக்கிறதா என்று பார்த்து, இந்தியாவுக்கு மாற்ற வேண்டும்.

மலைச்சரிவில் மாற்றுவழி

ஃபர்ம்வேர் இன்றி வலைத்தொடர்பு இல்லை, வலைத்தொடர்பு இன்றி ஃபர்ம்வேரைப் பெற இயலாது என்ற சங்கடம், கம்பிவழி இணைப்பு எட்டாத, போடிநாயக்கனூரை அடுத்த மலைச்சரிவின் ஏலக்காய்த் தோட்டங்களில் கடுமையானது. அங்கே கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு பிணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்வது எளிய உபாயம். சமிக்ஞை கிட்டாத இடமாயின், மலையேறுமுன் போடிநாயக்கனூரிலேயே தொகுப்பைப் பென்டிரைவில் எடுத்துச் செல்வது விவேகம்.

சில்லின் எண்ணை அறியாமலும் செய்திப் பதிவைப் படியாமலும் அட்டையைப் பழுதென்று ஒதுக்கிப் புதியது வாங்குவது வீண் செலவு. கோப்பொன்று இல்லாமையால் நேர்ந்த குறையைக் கோப்பொன்றே தீர்த்துவிடும்.