ஜமாபந்தி

'ஜமா' என்னும் அரபுச் சொல் சேர்ந்த தொகையையும், 'பந்தி' என்னும் பாரசீகச் சொல் கட்டுதலையும் வரையறை செய்தலையும் குறிப்பனவாதலின், இரண்டும் கூடிய ஜமாபந்தி, அரசுக்குச் சேரவேண்டிய நிலத்தீர்வையை இன்னதென்று நிர்ணயிக்கும் ஏற்பாடு என்றே ஆதியில் பொருள்பட்டது. சென்னை ராஜதானியில் தாமஸ் மன்றோ நிலைநிறுத்திய ரயத்துவாரி முறையில், இடைத்தரகரின்றிக் குடியானவன் ஒவ்வொருவனோடும் சர்க்கார் நேரே கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தமையால், ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்து முடிக்கும் இந்நடவடிக்கை இன்றியமையாததாயிற்று. ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடியும் பசலி ஆண்டின் இறுதியை ஒட்டித் தாலுகா அலுவலகங்களில் நிகழும் இதனை இன்று வருவாய்த் தீர்வாயம் என்றும் வழங்குகிறோம்.

சிட்டா, அடங்கல் முதலிய கணக்குகளைச் சரிபார்க்கும் அதே நாட்களில், பட்டா மாறுதல், வீட்டுமனை, முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்கான மனுக்களையும் அதிகாரிகள் நேரில் பெறுகின்றனராதலின், தீர்வை நிர்ணயத்துக்கெனப் பிறந்த சொல் காலக்கிரமத்தில் குறைகேட்கும் நாளின் பெயராகவும் விரிந்தது. தலைநகரில் வகுத்த கொள்கை கிராமத்தில் எவ்வாறு பலிக்கிறது என்பதை அறிய விரும்பும் அரசாங்கம், புதிய குழுக்களை நியமிக்குமுன், இம்மனுக்களைத் தொகுத்து வாசித்துத் தன் திட்டங்களைத் திருத்திக்கொள்வதே விவேகமாகும்.