தீக்கு இரையாகாத ஓக் காடுகள்: குமாவுன் இமயத்தை அறிய மூன்று நூல்கள்

இமயமலையின் சூழல் வரலாற்றில் ஆய்வு தொடங்கும் மாணவர்கள் குமாவுன், கட்வால் பகுதிகள் குறித்த மூன்று நூல்களைச் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

முதலாவது, எட்வின் அட்கின்சன் தொகுத்து 1882 முதல் 1886 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த இமய மாவட்டக் கெசட்டியர். நிலவியல், தாவரங்கள், விலங்குகள், சமயம், ஊர்கள் என அனைத்தும் அதில் உண்டு. ஆயினும் அது ஆள்வோரின் பார்வை.

இரண்டாவது, ராமச்சந்திர குஹாவின் ‘தி அன்கொயட் வுட்ஸ்’ (1989). 1921இல் குமாவுன் மக்கள் மூட்டிய தீயில் எரிந்தவை பெரும்பாலும் பிசினுக்கும் மரவணிகத்துக்கும் பேணப்பட்ட சீர் பைன் காடுகளே. தீவனமும் விறகும் தந்த ஓக் முதலிய அகன்ற இலைக் காடுகள் பெரிதும் தப்பின என்கிறார் குஹா. எனவே அத்தீ அறியாமையின் விளைவன்று, இலக்கறிந்த எதிர்ப்பு.

மூன்றாவது, சேகர் பாடக் இந்தியில் எழுதி, ஆங்கிலத்திலும் வெளிவந்துள்ள சிப்கோ வரலாறு. மண்டல் (1973), ரேணி (1974) போராட்டங்களை ஓரிரு தலைவர்களின் சாதனையாகச் சுருக்காமல், சிற்றூர்ப் பெண்கள், மாணவர்கள் உள்ளிட்ட பலரின் கூட்டுச்செயலாக அது நிறுவுகிறது.

காட்டில் எவை உள்ளன என்பதைக் கெசட்டியர் உரைக்கும். அவை யாருக்கு உரியவை என்பதை மற்ற இரண்டும் வினவும். உத்தராகண்டில் கோடைதோறும் காடு எரியும் இந்நாளில், பழியை ஊரார்மீது சுமத்துமுன் அவ்வினாவை எழுப்புவது ஆய்வாளரின் கடமை.